பலகையில் எத்தனை பேர்?

தஞ்சாவூருக்குக் கடல் உண்டா? உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரிய கோயில் உண்டு, சரஸ்வதி மகால் உண்டு, வீணை உண்டு, தலையாட்டிப் பொம்மை உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடல் என்றதும் திருதிருவென்று விழிக்கும். குழந்தையைச் சொல்வானேன்? கலியாணமாகிப் பத்து வருஷம் வரையில் நானும் அப்படி விழித்தவள்தான்.

ஒரு காலத்தில் தஞ்சை ஜில்லாவுக்குக் கடலுக்குப் பஞ்சமே இல்லை. 1991ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடிக்கரை எல்லாம் பாகப்பிரிவினையில் அந்தப் பக்கம் போய்விட்டன. தஞ்சைக்கு மிஞ்சியது தென்கோடியில் ஒரு துண்டுக் கரை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று மூன்று நான்கு பெயர்களைச் சொன்னால் தீர்ந்தது. பங்கில் கடைசியாகக் கிடைத்த பாத்திரம்தான் சில சமயம் அதிக நாள் உழைக்கும். இந்தத் துண்டுக் கரையில் நான் பார்த்ததை வேறெங்கும் பார்த்ததில்லை.

1996ம் வருஷம், தை மாதம். தஞ்சாவூரில் அத்தை வீட்டில் பொங்கல். மாட்டுப் பொங்கலும் முடிந்து, மிச்சக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த சமயம், என் வீட்டுக்காரருக்குப் பட்டுக்கோட்டைச் சிநேகிதர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அதிராம்பட்டினத்தில் வத்தை பார்த்திருக்கிறாயா? அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ, இப்போதே வா" என்று எழுதியிருந்தார். வத்தை என்றால் ஏதோ வற்றல் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

அதற்கு முதல் நாள் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னைக்குத் திரும்ப டிக்கெட் வாங்க ரயில் நிலையம் போனோம். அங்கே வண்ண விளக்குகள் சுற்றும் எடை மிஷின் ஒன்று நின்றது. அத்தை வீட்டு நெய்ப்பொங்கல் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க இவர் ஏறி நின்று காசு போட்டார். அட்டை விழுந்தது. ஒரு பக்கம் 88 கிலோ. மறு பக்கம், "உங்களால் பலர் நன்மையடைவர்." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த போர்ட்டரும் சிரித்துவிட்டார். இவர் கோபித்துக்கொண்டு அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் தஞ்சாவூரிலிருந்து அதிராம்பட்டினம் அறுபது கிலோமீட்டர்தான். ஒரத்தநாடு வரையில் இரு பக்கமும் சம்பா அறுவடை. களத்து மேட்டில் வைக்கோல் போர், அறுத்த தாளில் மேயும் வாத்துக் கூட்டம், நெல்லின் அந்தச் சூடான மணம். ஒரத்தநாட்டில் மராட்டிய ராஜா சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் ஜன்னலோரம் வந்து போயிற்று. அதைத் தாண்டியதும் தென்னை. பட்டுக்கோட்டைச் சீமையை இப்படிப் பச்சையாக்கியது கல்லணைக் கால்வாய். 1934ல் முடிந்த மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம். ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் 'புதாறு'தான்.

அதிராம்பட்டினத்துக் கடலைப் பார்த்ததும் எனக்குப் பெரிய ஏமாற்றம். மெரினா மாதிரி மணல் இல்லை, அலை இல்லை. உப்பளங்களைத் தாண்டினால் சேறு, அதற்கப்பால் அலையாத்திச் செடிகள், அவற்றினூடே ஒரு வாய்க்கால். வாய்க்கால் வழியாகத்தான் படகுகள் கடலுக்குப் போகின்றன. கடலும் தேங்கின ஏரி போலச் சாதுவாகக் கிடந்தது. பாக் விரிகுடா என்று பூகோளப் புத்தகத்தில் பெரிய பெயர். ஆழமோ கரையிலிருந்து வெகு தூரம் போன பிறகும் ஆள் உயரம்தான். அடியில் கடற்புல் மெத்தை போல வளர்ந்திருக்கும். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு அதை மேய வருகிறது. 2022ல் தமிழக அரசு இந்தக் கரையையும் புதுக்கோட்டைக் கரையையும் ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை அந்தப் பிராணிக்கென்றே காப்பகமாக அறிவித்திருக்கிறது.

இந்தச் சாதுக் கடலில் மிதப்பதற்கென்றே பிறந்தது வத்தை.

முப்பது அடி நீளம் இருக்கும். அடிப்பாகம் தட்டை, பக்கங்கள் நேர்ச்சுவர். மிட்டாய்ப் பெட்டியை நீட்டி இழுத்து முன்பக்கம் கூராக்கினாற்போல. அதன்மேல் ஒன்றல்ல, மூன்று பாய்மரம். ஆனால் என் கண்ணை இழுத்தது அதுவல்ல. படகின் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. படகின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதற்கு? இறங்கி ஏறுவதற்கா?" என்று கேட்டேன்.

தண்டல் சிரித்தார். தண்டல் என்றால் வத்தையை ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த, முறுக்கின கயிறு போன்ற தேகம். "அதுலேதாம்மா எங்க உசிரு ஒக்காந்திருக்கு" என்றார்.

உங்கள் வீட்டில் தலையாட்டிப் பொம்மை இருந்தால் ஒரு நிமிஷம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளினால் சாய்கிறது, விட்டால் நிமிர்கிறது. ராஜாவோ ராணியோ, மேலே எத்தனை ஜரிகை வைத்துத் தைத்தாலும் விழாமலிருப்பதற்குக் காரணம் அடியிலே உருண்டு கிடக்கும் கனம். மேல்நாட்டுப் பந்தயப் படகுகளில் ஒரு ஜாதி இந்தப் பொம்மையைப் போலத்தான். படகுக்கு அடியில், தண்ணீருக்குள், ஈயத்தாலோ இரும்பாலோ ஒரு கனமான துடுப்பு தொங்கும். கீல் என்பார்கள். காற்று பாயைச் சாய்க்கும், கீழேயுள்ள ஈயம் நிமிர்த்தும்.

முழங்கால் ஆழ வாய்க்காலில் வந்து போகவேண்டிய வத்தைக்கு அடியில் அப்படித் தொங்கவிட முடியுமா? சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும்! தஞ்சாவூர்க் கடலில் ஓடும் படகு தஞ்சாவூர்ப் பொம்மையாக இருக்க முடியவில்லை, பாருங்கள். அடியில் கனம் வைக்க வழியில்லாததால், கனத்தைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கனம் மனிதர்கள். காற்று இடப்பக்கமிருந்து அடித்துப் படகை வலப்பக்கம் சாய்த்தால், ஆட்கள் இடப்பக்கம் நீட்டிய பலகையில் ஏறி உட்காருவார்கள். காற்று கூடக்கூட, ஆள் நுனியை நோக்கி நகரவேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? இடது இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்தால் உடம்பு தானாக வலது பக்கம் சாய்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டோம்? ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். ஏற்ற மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். இரண்டு அடி பின்னால் போனால் சால் மேலே வரும், முன்னால் வந்தால் கீழே போகும். ஆளின் கனம் மாறவில்லை, நிற்கிற இடம்தான் மாறுகிறது. படகின் நடுவிலே சும்மா உட்கார்ந்திருக்கும் எழுபது கிலோவுக்கு மரியாதை இல்லை. அதே எழுபது கிலோ இரண்டு மீட்டர் வெளியே போய் உட்கார்ந்தால் பாய்க்கே பதில் சொல்லும்.

பாய்மரப் படகில் எத்தனை பாய் விரிப்பது என்பதைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. பலகையில் எத்தனை பேர், எத்தனை கனம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிவிடும். அந்த நாலு மடங்குக்கு ஈடாக ஆளைக் கொண்டுவர எங்கே போவது? ஆள் இல்லையென்றால் பாயைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். இலங்கையில் சிங்கள மீனவர்கள் பக்கமிதவை கட்டிய தங்கள் படகில் ஆள் ஏறும் கணக்கை வைத்தே 'ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று' என்று சொல்வார்களாம். வானிலை அறிக்கையில் கிலோமீட்டர் கணக்குச் சொல்வதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். தண்டல் என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஐயா என்ன எடை இருப்பீங்க?"

இவர் தயங்கினார். நான் விடுவேனா? "பையில் அட்டை இருக்கிறதே, எடுத்துக் காட்டுங்கள்" என்றேன்.

"எம்பத்தெட்டா!" தண்டலின் முகம் மலர்ந்தது. "ஐயா வந்தா இன்னொரு பாய் கட்டலாமே!"

கலியாணமான நாளாக இவருடைய எடையைக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. மறுவார்த்தை பேசாமல் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். பெண்கள் தொழிலுக்குப் போகும் வத்தையில் ஏறுவது அங்கே வழக்கமில்லை. நான் கரையில் நின்றேன். தண்டலின் மனைவி மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா, வர ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் படகைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவளிடம்தான். அவளோ வாழ்நாளில் ஒரு நாளும் வத்தையில் ஏறியவளில்லை.

முதலில் காற்று லேசு. வத்தை மூன்று பாயையும் விரித்துக்கொண்டு வாய்க்கால் முகத்தைத் தாண்டி வாத்து போல மிதந்தது. பலகையில் யாருமில்லை. லேசான காற்றில் கனம் உதவியில்லை, உபத்திரவம்தான். படகைத் தண்ணீரில் அழுத்தி இழுக்கும். "ஐயா இப்ப பாரம்தான்" என்றாள் அவள் மெதுவாக. நான் ஒப்புக்கொண்டேன்.

பிறகு வாடை கிளம்பிற்று. அவள் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு..." சிறிது நேரம் பேச்சில்லை. "ரெண்டு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, பயப்படாதீங்க, ஒங்க வீட்டு ஐயாவையும் பலகையிலே ஏத்திட்டாங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் தொங்குவது எனக்கும் தெரிந்தது. இவருடைய பனியன்! வீட்டில் பரண்மேல் ஏற ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற மனுஷர்!

"எத்தனை பேர் பலகையிலே இருக்காங்கன்னு பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிஞ்சுடும்மா" என்றாள் அவள். "ஒராளுன்னா ஒலை வைக்கலாம். ரெண்டு ஆளுன்னா சாமியைக் கும்பிட்டுக்குவேன். மூணு ஆளும் ஏறிட்டா, பாயை எறக்கறாங்களான்னு பார்த்துக்கிட்டே நிப்பேன். பலகையிலே எடமிருந்தும் ஆளில்லேன்னாதான் வவுறு கலங்கும்."

"ஏன்? ஆள் குறைவா?"

அஞ்சு பேர் போகவேண்டிய வத்தை அது. அவள் மூத்த மகன் முந்தின வருஷம் சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். அவன் கூடவே அவன் கூட்டாளியும் போய்விட்டான். மிச்சம் மூன்றே பேர். தண்டல், அவர் தம்பி, ஒரு பொடியன். பொடியனுக்குப் பதினைந்து வயது, எலும்பும் தோலும். பலகையில் அவன் ஏறினால் பலகைக்கே தெரியாது. அதனால் காற்று கூடினால் மற்ற வத்தைகள் மூன்று பாயில் வரும்போது இவர்களுடையது ஒரு பாயை இறக்கிவிட்டு இரண்டில் வரும். இன்னும் கூடினால் ஒன்றில். மற்றவர்கள் முன்னால் கரை சேர்ந்துவிடுவார்கள். முதலில் வந்த மீனுக்கு ஏலத்தில் ஒரு விலை, கடைசியில் வந்த மீனுக்கு ஒரு விலை.

"சிங்கப்பூருலேருந்து பணம் அனுப்பறான்தான்" என்றாள். "ஆனா அவன் பலகையிலே குந்தியிருந்தா வர்ற காசு வேற. அதுல பாதி எங்களோட பயம் போற காசு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்தினாள். வத்தை திரும்பவேண்டிய நேரம். காற்று இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாறப் போகிறது. பலகையையும் இழுத்து மறு பக்கம் நீட்டவேண்டும். அதற்குப் பலகையில் இருப்பவர்கள் முதலில் உள்ளே வரவேண்டும். பாயின் பருமலையும் மரத்தின் மறு பக்கம் கொண்டுபோகவேண்டும். இத்தனையும் நடக்கும் அந்தச் சில விநாடிகளில் படகுக்கு எந்தப் பக்கமும் துணையில்லை. ஊஞ்சலிலிருந்து குழந்தையை ஒரு கையால் எடுத்து மறு கைக்கு மாற்றுவது போல.

இரண்டு பாய்கள் சரசரவென்று இறங்கின. ஒன்று மட்டும் நின்றது. வெள்ளைப் பனியன் உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் மீண்டும் வரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணவில்லை. நானும் மூச்சு விடவில்லை. பிறகு மறு பக்கத்தில் பலகை நீண்டது. ஒண்ணு. ரெண்டு. கொஞ்சம் கழித்து, தட்டுத் தடுமாறி, மூணு.

"ஐயா நல்ல ஆளும்மா" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கரை சேர்ந்தபோது இவருடைய உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. வேஷ்டி இடுப்பில் இருந்தது என்பதே ஆச்சரியம். ஆனால் முகத்தில் அப்படியொரு களை. திரும்பும்போது காலை உள்ளே இழுக்க மறந்து பலகையோடு கிடந்தாராம். பொடியன்தான் பனியனைப் பிடித்து இழுத்திருக்கிறான். தண்டல் சொன்ன தீர்ப்பு இது: "ஐயா இருந்ததாலே ரெண்டாவது பாயை அரை மணி கூட வச்சிருந்தோம். மூணு வத்தையைத் தாண்டிட்டு வந்தோம்." அன்றைக்கு ஏலத்தில் அவர்கள் மீன் நாலாவதாகப் போயிற்று. அவர்கள் கொடுத்த கொடுவா மீனை, மரக்கறி சாப்பிடுகிறவர்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ரயில் நிலைய அட்டை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

*

இந்த வத்தையை நம்மைவிட வெளியூர்க்காரர்கள் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். சென்னை ராஜதானியில் மீன்வளத் துறையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோதே பாக் நீரிணைப் பக்கத்துப் பலகைப் படகுகளையும் எழுதியிருக்கிறார். பிறகு 1990களில் ஷான் மக்ரெயில் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் தம் கூட்டத்தாரோடு வந்து அளவெடுத்தார். 1998ல் அவர்கள் கட்டுரையும் வெளிவந்தது. அவர்களை அதிசயப்பட வைத்தது பலகை மட்டுமல்ல, கட்டுகிற முறையும். நம் கரையில் பழைய படகுகள் பலவற்றுக்கு முதலில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக்கொண்டு பிறகுதான் உள்ளே சட்டம் வைப்பார்கள். வத்தைக்கு முதலில் விலாச் சட்டங்களை அளவு போட்டு நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அறைகிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்தில் பழைய நாளில் கப்பல் கட்டினவர்கள் அப்படித்தான் செய்தார்களாம். யாரிடம் யார் கற்றுக்கொண்டார்களோ!

பந்தயம் என்று ஒன்று இங்கேயும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, நம்புதாளைப் பக்கத்துக் கரைகளில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம் விடுவார்கள். ஆட்கள் பலகையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும் காட்சியைப் படத்தில் பார்த்தாலே நம் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஓர் ஏரியோரத்து ஊரில் இருக்கிறாள். சனி ஞாயிறுகளில் அவளும் பாய்மரப் பந்தயத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், "அங்கே பலகை உண்டா?" என்றுதான் முதலில் கேட்டேன். பலகை இல்லையாம். அவளுடையது 'ஜே 24' என்ற ஜாதிப் படகு. ஏழேகால் மீட்டர் நீளம். அடியில் ஏறக்குறைய 430 கிலோ ஈயத்தோடு கீல் தொங்குகிறது. அதாவது, நம் தலையாட்டிப் பொம்மை. அப்படியானால் மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்றேன்.

"அதெப்படி அத்தை? ஈயம் எல்லாருக்கும் ஒரே கனம். ஜெயிக்கிறது மேலே இருக்கிறவர்கள் கனத்தில்தான்" என்றாள்.

அங்கே பந்தயத்துக்கு முன் எல்லாரையும் தராசில் நிறுத்துகிறார்கள். ஒரு படகில் ஏறுகிறவர்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அந்த ஜாதிப் படகின் விதி. அடியில் 430 கிலோ ஈயம் என்றால் மேலே 400 கிலோ மனிதர்! தராசு நாள் வருகிறது என்றால் பெரிய பெரிய ஆண்கள் எல்லாம் ஏகாதசி விரதம் இருப்பார்களாம். அதற்கு நேர்மாறாக, முன்பெல்லாம் சில ஜாதிப் படகுகளில், கனம் போதாதவர்கள் கம்பளிச் சட்டைகளை அடுக்கடுக்காக மாட்டிக்கொண்டு தண்ணீரில் நனைத்துக்கொள்வதும் உண்டு. முதுகெலும்பு கெட்டுப் போகிறது என்று அதற்கும் இன்று வரம்பு கட்டிவிட்டார்கள்.

எங்கள் பெண்ணுக்கு அந்தப் படகில் இடம் கிடைத்ததே இந்த 400 கிலோவால்தான். நாலு பேர், ஆளுக்கு 87 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 348 ஆயிற்று. மிச்சம் 52. வேலையோ ஐந்து பேருக்கு இருக்கிறது. 52 கிலோவுக்கு ஓர் ஆண்பிள்ளையை எங்கே தேடுவது? ஐந்தாவது இடத்துக்குப் பெண்ணைத் தேடுகிறார்கள். படகின் முன்நுனியில் ஓடிப் பாய் மாற்றுகிற வேலை அவளுக்கு. நுனி அமிழாமலிருக்கக் கனமற்ற ஆள்தான் அங்கே போகவேண்டுமாம்.

அந்தப் பாய் மாற்றுகிற விஷயத்தில்தான் நம்முடைய தண்டலை நினைத்துக்கொண்டேன். முன்பக்கத்துக்கு இரண்டு பாய் உண்டு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. லேசான காற்றுக்குப் பெரிசு. காற்று கூடினால் படகு சாயத் தொடங்கும்; எல்லாரும் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து உடம்பை வெளியே தள்ளுவார்கள். 400 கிலோவும் நிரம்பிய கூட்டம் பெரிய பாயோடேயே தாக்குப் பிடிக்கும். 350 கிலோக் கூட்டம் முன்னதாகவே சின்னப் பாய்க்கு மாறவேண்டும். மாறின பிறகு காற்று விழுந்துவிட்டால் எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். மாறாமல் இருந்து காற்று ஏறினால் படகு சாய்ந்து சாய்ந்து பக்கவாட்டில் வழுக்கும். "கணக்குத்தான் அத்தை, ஆனால் விடை காற்றுக்குத்தான் தெரியும்" என்றாள். அவளுக்குத் தப்பினால் ஒரு கோப்பை போகும். அதிராம்பட்டினத்தில் தப்பினால் என்ன போகும் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

*

போன தை மாதம் மறுபடியும் அதிராம்பட்டினம் போனோம். இருபத்தொன்பது முப்பது வருஷத்தில் எல்லாம் மாறியிருக்கிறது. வழியில் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளில் இடைவெளி விட்டு இளங்கன்றுகள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன இடங்கள் அவை. வாய்க்காலில் படகு நிறைய நின்றது. எல்லாம் எஞ்சின் போட்டவை. மூன்று பாய்மரம் எங்கேயும் என் கண்ணில் படவில்லை.

தண்டல் காலமாகிவிட்டார். அவர் மனைவி இருக்கிறாள். என்னைச் சட்டென்று தெரியவில்லை. இவரை மேலும் கீழும் பார்த்தாள். "எம்பத்தெட்டு ஐயா!" என்று கையைக் கொட்டினாள். பிறகு, "ஐயோ, என்னங்கய்யா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? இப்ப ஒரு பாய்க்குக்கூடக் காணாதே!" என்றாள். சர்க்கரை வியாதி செய்த உபகாரம். இவர் இப்போது 69 கிலோ.

எஞ்சின் வந்ததில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று கேட்டேன். பட்டணத்திலிருந்து போகிறவர்கள் கேட்கிற கேள்வி. "என்னத்துக்கும்மா வருத்தம்? ரெண்டு பேரு போனாப் போதும், வெரசா வந்துடறாங்க. டீசல் விலைதான் கடிக்குது" என்றாள். கஜாவில் வத்தை உடைந்து போயிற்றாம். விலாச் சட்டங்கள் அடுப்புக்குப் போயின. "பலகை மட்டும் நின்னுச்சு" என்று நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். வாசலில் இரண்டு கல்மேல் போட்டிருந்த அந்த நீளப் பலகையில்தான் அத்தனை நேரமும் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இவர் எழுந்து நின்று, குனிந்து, அதைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை அடையாளம் தேடினாரோ என்னவோ.

சிங்கப்பூர்ப் பிள்ளையின் மகள் ஊரிலேயே காலேஜில் படிக்கிறாள். கெட்டிக்காரி. நான் அமெரிக்கப் படகைப் பற்றிச் சொன்னதும் கைப்பேசியில் எதையோ தேடிப் பாட்டியிடம் நீட்டினாள். நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல் பெண். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனவர். அவர் ஓட்டுகிற படகில் கீல் ஈயமும் இல்லை, பலகையும் இல்லை. ஓர் ஆள் மட்டும். அந்த ஜாதிப் படகுக்கு உடல் ஒன்றேதான், பாய் மூன்று அளவில் கிடைக்கிறது. 7.06 சதுர மீட்டர், 5.76, 4.7 என்று. கனமான ஆளுக்குப் பெரிசு, கனம் குறைந்தவருக்குச் சிறிசு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடுப்பாய். தண்டல் காற்றைப் பார்த்துப் பாயை இறக்கினார். இங்கே ஆளைப் பார்த்து முதலிலேயே பாயை அளந்து கொடுத்துவிடுகிறார்கள்.

கிழவி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். திரையில் படகு சாய்ந்து பறக்கிறது. அந்தப் பெண் கால் விரல்களை ஒரு வாரில் கோத்துக்கொண்டு, முதுகு தண்ணீரைத் தொடுமளவுக்கு உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்திருக்கிறார்.

கிழவியின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"ஒண்ணு" என்றாள். காத்திருந்தாள். "அவ்வளவுதானா? பொம்பளைப் புள்ளை ஒண்டியாவா?"

"ஆமா ஆயா, அவங்க ஒருத்தர்தான்."

"திரும்பறப்போ?"

"அவங்களே பாயை விட்டுட்டு உள்ளே வந்து, குனிஞ்சு, அந்தப் பக்கம் போயி ஒக்காந்துக்குவாங்க."

கிழவி கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படம் முடிந்ததும் பேத்தியிடம் நீட்டி, "திரும்பறதை மட்டும் இன்னொரு தடவை போடு" என்றாள்.